மண்புழு செத்தால் அது குடற்புழு மருந்தாகுமா?

கேள்வி கேட்டவர் முதுகலை மாணவர் என்று தெரிகிறது. ஒரு செடியின் இலையை எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, உலர்த்தி எடுத்த சாற்றை மில்லிலிட்டருக்கு 10, 25, 50 மில்லிகிராம் என மூன்று செறிவுகளில் சலைன் என்ற உப்புநீரில் கரைத்து, அவற்றில் மண்புழுக்களை இட்டுப் பார்த்திருக்கிறார். 50 மில்லிகிராம் செறிவில் இட்ட புழுக்கள், வழக்கமான குடற்புழு மருந்தான அல்பெண்டசோலில் இட்ட புழுக்களைவிட விரைவாக முடங்கி இறந்திருக்கின்றன. ஆகவே இந்தச் செடி அல்பெண்டசோலைவிடச் சிறந்த குடற்புழு மருந்து என்று ஆய்வேட்டில் எழுதலாமா, அடுத்த கட்டமாக ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா, குழந்தைகளுக்கும் பயன்படுமா என்று கேட்கிறார். கேள்வியின் சொற்கள் இவை. உள்ளே இருக்கும் கேள்வி இதைவிடப் பெரியது: கண்ணாடித் தட்டில் ஒரு புழு இறந்ததை வைத்துக்கொண்டு, உடலுக்குள் வாழும் வேறொரு புழுவைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்?

என் பயிற்சி கால்நடை ஒட்டுண்ணியியலில். செம்மறியாடு, வெள்ளாடுகளின் குடற்புழுக்களை ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். சாற்றிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரிக்கும் வேலையை அத்துறையினரோடு சேர்ந்துதான் செய்திருக்கிறேன், தனியாக அன்று. மனிதர்களுக்கான சிகிச்சை என் துறையே அல்ல. இந்த எல்லைகளுக்குள் நின்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்படி எழுதக் கூடாது, இப்போதைக்கு எந்த விலங்குக்கும் கொடுக்கவும் கூடாது. ஆனால் செய்த சோதனை வீண் அன்று. எதைச் செய்து முடித்திருக்கிறோம், எதை இன்னும் தொடவேயில்லை என்று பிரித்துப் பார்த்தால் அடுத்த ஆறு மாத வேலை தானாகவே தெரியும்.

முதலில் மண்புழுவைப் பற்றி. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அது உடலமைப்பிலும் உடலியக்கத்திலும் மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவான அஸ்காரிஸை ஒத்திருக்கிறது என்பது. இந்த ஒரு வரி கட்டுரைக்குக் கட்டுரை நகலெடுக்கப்படுகிறதே தவிர, அதை யாரும் நின்று சோதிப்பதாகத் தெரியவில்லை. மண்புழு வளையங்களால் ஆன உடலும், இரத்தக் குழாய்களும், ஈரத்தோல் வழியாக மூச்சுவிடும் வழக்கமும் கொண்ட உயிர். அஸ்காரிஸுக்கு வளையமும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. பல அடுக்குகளாலான தடித்த புறத்தோல் அதன் உடலைப் போர்த்தியிருக்கிறது, வளரும் பருவத்தில் அதை நான்கு முறை உரித்துப் புதுப்பித்துக்கொள்கிறது. மரபணுச் சான்றுகளின்படி அஸ்காரிஸ் அடங்கிய உருளைப்புழுக்களுக்கு மண்புழுவைவிடப் பூச்சிகளே நெருங்கிய உறவு. இரண்டும் நீளமாக, உருண்டையாக இருக்கின்றன என்பதற்கு மேல் இந்த ஒற்றுமையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதனால் ஏற்படும் சிக்கல் என்னவென்றால், மண்புழுவின் ஈரத்தோலைத் துன்புறுத்தும் பொருள் எதுவாக இருந்தாலும் அது குடற்புழு மருந்துபோலத் தோற்றமளிக்கும். மண்ணில் எத்தனை மண்புழுக்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும் சூழலியலாளர்கள் கடுகுப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தரையில் ஊற்றுவார்கள். எரிச்சல் தாங்காமல் புழுக்கள் மேலே வந்துவிடும், எண்ணிவிடலாம். புல்தரைகளைப் பராமரிப்பவர்கள் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மிகுந்த தேயிலை விதைப் பிண்ணாக்கை மண்புழுக்களை வெளியேற்றப் பயன்படுத்துகிறார்கள். இவற்றை மண்புழுச் சோதனையில் இட்டால் நல்ல எண்கள் கிடைக்கும். அதற்காகக் கடுகைக் குடற்புழு மருந்து என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, நீங்கள் பயன்படுத்திய செறிவு. இதில்தான் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை வழுக்கி விழும் இடம் இதுவே. இலையின் எத்தனால் சாற்றில் சர்க்கரைகளும் உப்புகளும் கணிசமாக இருக்கும். 50 மில்லிகிராமில் பாதி குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், அது மட்டுமே லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லியாஸ்மோல் சவ்வூடு அழுத்தத்தை, அதாவது நீரைத் தன்பால் இழுக்கும் ஆற்றலை, கூட்டும். சாற்றைக் கரைத்த 0.9 விழுக்காட்டு சலைனில் ஏற்கெனவே 308 இருக்கிறது. மண்புழுவின் உடல்நீரோ சலைனைவிட நீர்த்தது. ஆகவே சாற்றில் நச்சே இல்லாவிட்டாலும் புழுவின் உடலிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கிவிடும். புழு சுருங்கும், துவளும், அசைவற்றுப் போகும். இலைச் சாற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியே பொட்டாசியம் கூடினால் தசை தன் மின்னழுத்த நிலையை இழந்து முடங்குவது எந்த விலங்குக்கும் பொதுவானது. சாறு அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால் அது மூன்றாவது காரணம்.

இவற்றை விலக்குவது கடினமல்ல. சாற்றின் ஒவ்வொரு செறிவுக்கும் பிஎச் அளவும் சவ்வூடு அழுத்தமும் அளந்து எழுதுங்கள். அதே பிஎச், அதே சவ்வூடு அழுத்தம் வரும்படி சர்க்கரையும் உப்பும் மட்டும் கலந்த ஒரு கரைசலைத் தயாரித்து, அதையும் ஒரு குழுவாக வைத்துச் சோதியுங்கள். சாற்றைக் கரைக்க டிஎம்எஸ்ஓ, ட்வீன் போன்ற துணைப்பொருள்களைச் சேர்த்திருந்தால், அவை மட்டும் அதே அளவில் கலந்த இன்னொரு குழுவும் வேண்டும். டிஎம்எஸ்ஓவின் இறுதி அளவு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சலைன் மட்டும் இட்ட தட்டில் புழுக்கள் பிழைத்திருந்தன என்பது உங்கள் சோதனைக்குப் போதுமான ஒப்பீடு ஆகாது, ஏனென்றால் உங்கள் சாறு சலைனிலிருந்து ஒரே ஒரு வகையில் மட்டும் வேறுபடவில்லை.

அல்பெண்டசோலைவிட வேகம் என்ற முடிவுக்கு வருகிறேன். அல்பெண்டசோல் தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாத பொருள். அது வேலை செய்யும் முறையும் மெதுவானது: புழுவின் செல்களில் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது, அதனால் செல்லுக்குள் பொருள்களின் போக்குவரத்து குலைந்து, சத்தை உறிஞ்ச முடியாமல், புழு நாள்கணக்கில் நலிந்து சாகிறது. அரை மணி நேரத்தில் யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் போட்டிக்கு அது பொருத்தமான மருந்தே அன்று. அப்படியிருக்க, உங்கள் தட்டில் அது மண்புழுக்களை ஒரு மணி நேரத்துக்குள் கொன்றது என்றால், கொன்றது அல்பெண்டசோலா அல்லது மாத்திரையிலும் சிரப்பிலும் சேர்ந்துள்ள பிற பொருள்களா என்ற ஐயம் எழுவது இயல்பு. இக்கட்டுரைகளில் அடிக்கடி வரும் இன்னொரு ஒப்பீட்டு மருந்தான பைபெரசின் புழுவின் தசையைத் தளர்த்தி முடக்குகிறது. முடங்கிய புழு குடலின் இயல்பான அசைவால் வெளியேற்றப்படுகிறது. மருந்து நீங்கினால் புழு மீண்டும் அசையக்கூடும். விரைவாக முடக்கும் சாற்றுக்கு ஏற்ற ஒப்பீடு வேண்டுமென்றால் லெவமிசோல் போன்று தண்ணீரில் கரைந்து, நரம்பு தசைச் சந்திப்பில் நேரடியாக வேலை செய்யும் மருந்தைத் தூய வேதிப்பொருளாக வாங்கிப் பயன்படுத்த வேண்டும். அதையும் பல செறிவுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தை ஒரே செறிவிலும் சாற்றை அதைவிடப் பல மடங்கு செறிவிலும் வைத்துவிட்டு எது வேகம் என்று கேட்பதில் பொருளில்லை.

மருந்துக்கும் சாற்றுக்கும் உள்ள இடைவெளியை எண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். உங்கள் சாற்றில் செயல்படும் பொருள் 1 விழுக்காடு இருப்பதாகவும் அதன் மூலக்கூறு எடை 300 என்றும் கொள்வோம். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் சாறு என்றால் அந்தப் பொருள் அரை மில்லிகிராம். அதாவது, மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் செறிவைச் சொல்லும் அலகில், 1,600 மைக்ரோமோலருக்கும் மேல். ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து ஆட்டுக் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் வளர்வதைத் தடுப்பதற்கு நானோமோலர் அளவே போதும், அது மைக்ரோமோலரிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாறு என்பது கலவை, மருந்து என்பது தூய பொருள், இரண்டையும் நேராக ஒப்பிடுவது நியாயமன்று என்ற மறுப்பு சரியானதே. ஆனாலும் மில்லிலிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் சாற்றில்தான் விளைவு தெரிகிறது என்றால் நான் அந்தச் செடியை ஒதுக்கிவிடுவேன். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமிலோ அதற்குக் கீழோ தெளிவான விளைவு தெரிந்தால் அந்தச் சாற்றை வேதியியலாளரிடம் கொண்டுபோவேன். இது என் தனிப்பட்ட எல்லைக்கோடு, விதி அன்று.

அதே செறிவை ஆட்டுக்குள் கொண்டுபோக முடியுமா என்றும் பாருங்கள். வளர்ந்த ஆட்டின் முதல் இரைப்பையில் 5 லிட்டர் நீர்மம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அதில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவு வர 250 கிராம் உலர்ந்த சாறு வேண்டும். இலையிலிருந்து சாறு 10 விழுக்காடு கிடைக்கிறது என்றால் அதற்கு இரண்டரைக் கிலோ உலர் இலை. ஓர் ஆடு நாள் முழுதும் தின்னும் உலர் தீவனத்தைவிட அது மிகுதி. அதையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும், தீவன நார் பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சியது கீழே இறங்கி, ஹீமான்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு வாழும் நான்காம் இரைப்பையை அடைய வேண்டும்.

எனவே அடுத்த படி ஆடு அன்று, சரியான புழு. ஹீமான்கஸ் கன்டார்ட்டஸ் இதற்கு மிக வசதியான புழு. உண்மையான ஒட்டுண்ணி, உருளைப்புழு; ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முதல் 10,000 முட்டைகள் இடும், ஆகவே தொற்றுள்ள ஓர் ஆட்டின் புழுக்கையிலிருந்தே சோதனைக்கு வேண்டிய முட்டைகள் கிடைத்துவிடும், எந்த விலங்கையும் கொல்ல வேண்டியதில்லை. புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து, படிப்படியாகக் கண் சிறுத்த சல்லடைகளில் வடித்து, உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு முட்டைகளைப் பிரித்து, உப்பு போகும்வரை கழுவ வேண்டும். புழுக்கை ஆட்டிலிருந்து வெளிவந்து மூன்று மணி நேரத்துக்குள் முட்டைகள் சாற்றில் சேர்ந்துவிட வேண்டும், இல்லையேல் கரு வளரத் தொடங்கிவிடும். வளர்ந்த கருவைத் தாக்காத பொருள்கள் அப்போது தவறான எண்ணைக் கொடுக்கும். சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 100 முட்டை என்ற அளவில் இட்டு, சாற்றின் குறைந்தது ஐந்தாறு செறிவுகளில், 25 முதல் 27 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைத்து, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ண வேண்டும்.

எண்ணும்போது பொரித்தது, பொரிக்காதது என்று இரண்டு கட்டங்கள் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். நுண்ணோக்கியில் பொரிக்காத முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலவற்றில் கரு வெறும் செல் உருண்டையாகவே நின்றுபோயிருக்கும். சிலவற்றில் புழு முழுதாக உருவாகி, ஓட்டுக்குள் மடிந்து சுருண்டு கிடக்கும், வெளியேற மட்டும் முடிந்திருக்காது. முதல் வகை கருவைக் கொன்றதன் அடையாளம், அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகள் கருவின் வளர்ச்சியைத்தான் நிறுத்துகின்றன. இரண்டாம் வகை, டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த சாறுகளில் அடிக்கடி காணப்படுவது. இப்படிப் பிரித்து எண்ணினால் ஒரே எண்ணிக்கைக்குப் பின்னால் எத்தகைய வினை நடந்திருக்கிறது என்று ஓரளவு சொல்ல முடியும்.

டானின் என்று சொன்னதும் ஒரு முன்னெச்சரிக்கை. இலைச் சாறுகளில் டானின் இல்லாதது அரிது, அது புரதம் எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். புழுவின் புறத்தோலிலும் ஒட்டும், முட்டை ஓட்டிலும் ஒட்டும், தட்டில் வளர்க்கும் செல்களிலும் ஒட்டும். ஆகவே எந்தச் சோதனையில் இட்டாலும் ஏதோ ஒரு விளைவு தெரியும். அதனால்தான் ஒரே இலை நுண்ணுயிருக்கும், புழுவுக்கும், புற்றுநோய்ச் செல்லுக்கும் மருந்து என்று மூன்று கட்டுரைகள் வந்துவிடுகின்றன. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. பிவிபிபி என்ற பொடி டானினைப் பிடித்துக்கொள்ளும். சாற்றின் ஒரு பகுதியை அதோடு கலந்து வடித்துவிட்டு, கலந்ததையும் கலக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். விளைவு மறைந்துவிட்டால் அது டானினின் வேலை. அதற்காக அது மதிப்பற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டானின் மிகுந்த செரிசியா லெஸ்பெடீசா என்ற தீவனப் பயிரைத் தொடர்ந்து மேயும் ஆடுகளில் முட்டை எண்ணிக்கை குறைவது பலமுறை உறுதிப்பட்ட செய்தி. ஆனால் அது நாள்தோறும் உண்ணும் தீவனத்தின் விளைவு. ஒரு வேளை கொடுக்கும் மருந்தின் விளைவு அன்று. எந்தக் கதையைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

ஆட்டுப் புழுக்கை கையாளும் வசதி இல்லாத ஆய்வகமென்றால் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற மண்வாழ் உருளைப்புழுவைப் பயன்படுத்தலாம். அது ஒட்டுண்ணி அன்று, ஆனால் உருளைப்புழு. லெவமிசோலும் ஐவர்மெக்டினும் எங்கே போய்ப் பற்றுகின்றன என்பதைக் கண்டறிந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதன் புறத்தோல் பல பொருள்களை உள்ளே விடாது என்பதால் விளைவு இல்லை என்ற முடிவை அதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. அது தட்டில் உண்பது பாக்டீரியாவை என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் சாறு பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் புழு பட்டினியால் வளராமல் நிற்கும், பழி மருந்தின் மேல் விழும். இத்தனை குறை இருந்தும், மண்புழுவுக்கும் இதற்கும் இடையில் தேர்ந்தெடு என்றால் நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன்.

இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் நான்காம் இரைப்பையிலிருந்து வளர்ந்த ஹீமான்கஸ் புழுக்களை எடுத்தும் சோதிக்கலாம். பெண் புழுவை எளிதில் அடையாளம் காணலாம்: சிவந்த குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு கயிறுபோல இருக்கும். ஆனால் அவை வெளியே நெடுநேரம் வாழா. எனவே 24 மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய சோதனையாக வைத்துக்கொண்டு, மருந்தில்லாத தட்டில் எத்தனை இறந்தன என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அசையாத புழுவைச் செத்தது என்று உடனே குறிக்கவும் கூடாது. அதைச் சாற்றிலிருந்து எடுத்து, கழுவி, இளஞ்சூடான புதிய கரைசலில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்; மீண்டும் நெளிந்தால் அது முடக்கம். இரண்டும் இரு வேறு முடிவுகள், இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. குறிப்பெடுப்பவருக்கு எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைப்பது எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு. ஒரே தட்டில் ஆறு புழுக்கள் இருந்தால் அது ஒரு சோதனைதான், ஆறு அன்று என்பதையும் புள்ளியியல் கணக்குப் போடும்முன் நினைவில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் தாண்டிவந்த சாறுகளும் விலங்கில் தோற்பதுண்டு. கீனோப்போடியம் என்ற செடியின் எண்ணெய் ஆய்வகத் தட்டில் ஹீமான்கஸ் முட்டைகள் பொரிப்பதைத் தடுத்தது. வெள்ளாடுகளுக்குக் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. ஆகவே விலங்குச் சோதனை தவிர்க்க முடியாதது, ஆனால் அது நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, நச்சுத்தன்மைச் சோதனை முடிந்த பிறகு நடக்க வேண்டியது. அங்கேயும் மருந்து கொடுக்காத குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் முட்டை எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். முட்டை எண்ணப் பயன்படும் மெக்மாஸ்டர் தட்டில் நீங்கள் காணும் ஒரு முட்டை, வழக்கமான முறையில், ஒரு கிராம் புழுக்கைக்கு 50 முட்டைக்குச் சமம். எண்ணிக்கை குறைவாக இருக்கும் ஆட்டில் இரண்டு முட்டை கூடியதும் குறைந்ததும் பெரிய மாற்றம்போலத் தோன்றிவிடும். முட்டை குறைந்தது என்பதற்காகப் புழு செத்தது என்றும் சொல்லிவிட முடியாது, பெண் புழு முட்டையிடுவதை மட்டும் குறைத்திருக்கலாம். ஐயமறத் தெரிய வேண்டுமென்றால் சோதனை விலங்குகளை அறுத்து எஞ்சிய புழுக்களை எண்ணிப் பார்ப்பதே வழி. கால்நடை மருந்தாகப் பதிவு பெற 90 விழுக்காடாவது புழுக்கள் நீங்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். செடிச் சாறுகளில் இதை எட்டியவை அரிது.

செடிகளுக்குப் புழுவைக் கொல்லும் ஆற்றலே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதியாகத் தெரிந்தவை உண்டு. ஆர்டெமிசியா இனச் செடிகளின் மொட்டிலிருந்து எடுத்த சான்டோனின் உருண்டைப்புழுவுக்கு நெடுங்காலம் மருந்தாக இருந்தது. மாதுளை வேர்ப்பட்டையின் பெல்லெட்டியரின் நாடாப்புழுவுக்கும், பாக்கின் அரெக்கோலின் நாய்களின் நாடாப்புழுவுக்கும் பயன்பட்டன. பலாச விதையின் பலாசோனின், வாய்விளங்கத்தின் எம்பெலின் ஆகியவை இன்றும் ஆராயப்படுகின்றன. பப்பாளிப் பாலில் உள்ள புரதம் சிதைக்கும் நொதிகள் புழுவின் புறத்தோலையே செரித்துவிடுகின்றன என்பது சுண்டெலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுவே, ஏனென்றால் வினை நடக்கும் முறை கண்ணால் பார்க்கக்கூடியது. ஆனால் இந்தப் பட்டியலின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். சான்டோனின் உண்டவர்களுக்குப் பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நாடாப்புழுவுக்குக் கொடுத்த ஆண்பெரணி வேர்ச் சாறு சிலருடைய பார்வையையே பறித்தது. மேலே சொன்ன கீனோப்போடியம் எண்ணெய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழு ஒழிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டு, உயிரிழப்புகளுக்கும் காரணமானது. அவையெல்லாம் புழுவைக் கொன்றன, அதில் ஐயமில்லை. புழுவுக்கும் மனிதனுக்கும் இடையே வேறுபடுத்திப் பார்க்கும் திறன்தான் அவற்றுக்குப் போதவில்லை. அதனால்தான் உங்கள் சாறு புழுவைத் தாக்கும் செறிவையும், பாலூட்டிகளின் செல்களைத் தாக்கும் செறிவையும் அருகருகே வைத்து எழுத வேண்டும் என்கிறேன். இரண்டும் ஒன்றே என்றால் கிடைத்திருப்பது ஒரு பொது நச்சு.

ஒரு செடி வழிவழியாகப் புழுவுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது என்பதை எங்கே வைப்பது என்பது உண்மையிலேயே ஐயத்துக்கிடமானது. தேடலை எங்கே தொடங்கலாம் என்பதற்கு அது நல்ல சுட்டு. ஆனால் குடற்புழுத் தொற்று தானாகவே ஏறி இறங்குவது, பேதிக்குக் கொடுத்தாலே சில புழுக்கள் வெளியேறுவது, வெளியே வந்த புழு கண்ணுக்குத் தெரிவதும் உள்ளே எஞ்சியது தெரியாமல் போவதும், இவையெல்லாம் மருந்து பலித்தது என்ற எண்ணத்தை எளிதில் உண்டாக்கும். இன்னொரு புறம், மரபில் சொன்ன தயாரிப்பு முறையை ஆய்வகம் மாற்றிவிடுவதால் நல்ல செடி தோற்பதும் உண்டு. மலேரியாவுக்கான ஆர்டெமிசினினைத் தேடிய சீன ஆய்வாளர் தூ யூயூவின் குழு, சூடேற்றிப் பிரித்த சாற்றில் நிலையான பலன் காணாமல், குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தபோதுதான் வெற்றி கண்டது. அதற்கான நோபல் பரிசு 2015இல் கிடைத்தது. அதே ஆண்டு அதே பரிசின் மறுபாதி ஐவர்மெக்டினுக்குப் போனது. அது வந்தது செடியிலிருந்து அன்று, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து.

உங்கள் கேள்வியில் செடியின் பெயர் இல்லை. மேலே சொன்னவற்றுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆய்வேட்டில் மட்டும் அது தாவரவியலாளர் உறுதிசெய்த பெயராக, உலர்த்திச் சேமித்த செடி மாதிரியின் எண்ணோடு, பறித்த பருவத்தோடு இருக்க வேண்டும். வாய்விளங்கம் என்று கடையில் கிடைப்பதில் வேறு செடிகளின் காய்கள் கலந்து வருவது தெரிந்த செய்திதான்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டதற்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாலும், இந்தத் தரவை வைத்துக்கொண்டு எந்தக் குழந்தைக்கும் இந்தச் சாற்றைக் கொடுக்க யாரும் ஒப்பமாட்டார்கள் என்பதை என்னாலேயே சொல்ல முடியும். ஒரு வேளை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. சாட்டைப்புழுவுக்கு அதே ஒரு வேளை போதவில்லை என்பது தெரிந்த குறை. புதிய மருந்துக்கு உண்மையான தேவை இருக்குமிடம் அதுவும், மருந்துக்கு அடங்காத ஹீமான்கஸ் பெருகிவரும் ஆட்டு மந்தைகளும்தான்.

இப்போதைக்கு ஆய்வேட்டின் முடிவுரையில் இப்படி எழுதலாம்: இந்தச் செடியின் எத்தனால் சாறு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவில் மண்புழுக்களை முடக்கி இறக்கச் செய்தது, இதில் சவ்வூடு அழுத்தம், பிஎச், டானின் ஆகியவற்றின் பங்கு இன்னும் பிரித்தறியப்படவில்லை, ஒட்டுண்ணிப் புழுக்களில் சோதிக்கப்படவில்லை. அல்பெண்டசோலோடு வேகத்தை ஒப்பிடும் வரியை எடுத்துவிடுங்கள். எஞ்சிய சாற்றைக் காற்றுப் புகாமல் மூடி, தேதியும் தொகுதி எண்ணும் ஒட்டி, உறைபெட்டியில் கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். முட்டை பொரிப்புச் சோதனைக்குப் போகும்போது புதிதாக இலை பறித்துத் தொடங்கினால் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியாமல் போகும்.